முதியோர் பெருகும் நாட்டில் வரியை யார் கட்டுவது? ஜப்பானை வைத்து ஒரு பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஜப்பானில் முதியவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், உழைக்கும் வயதினர் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் பணம் வேண்டுமென்றால் நுகர்வு வரியை ஏற்றுவதைத் தவிர வேறு வழியே இல்லையா? அப்படியானால் அந்த ஊர் மக்கள் ஏன் அதை இவ்வளவு வெறுக்கிறார்கள்?"

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்வியின் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும். ஜப்பானியர்கள் நுகர்வு வரியை (வாங்கும் பொருள், சேவை மேல் போடும் வரி, நம்மூர் ஜிஎஸ்டி போல) வெறுப்பதற்கு முக்கியக் காரணம் அது கண்ணுக்குத் தெரிவதுதான். ஒவ்வொரு ரசீதிலும் அச்சாகி வருகிறது. ஆனால் கடந்த 35 ஆண்டுகளில் உழைப்பவர்களின் பையிலிருந்து உண்மையில் அதிகமாக எடுத்தது அந்த வரி அல்ல. ஓய்வூதியம், மருத்துவம் போன்றவற்றுக்கென்று சம்பளம் கைக்கு வரும் முன்பே பிடிக்கப்படும் சமூகக் காப்பீட்டுச் சந்தா. ரசீதில் ஏறிய வரிக்காக ஆட்சிகள் கவிழ்ந்தன, சம்பளச் சீட்டில் ஏறிய பிடித்தத்தை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

முதலில் மக்கள்தொகையைப் பார்ப்போம். 1990-இல் 65 வயதைக் கடந்த ஒருவருக்கு 15 முதல் 64 வயதுக்குள் ஏறத்தாழ 6 பேர் இருந்தார்கள். இன்று 2 பேர். மக்கள்தொகையில் 29 சதவீதம் 65-ஐத் தாண்டியவர்கள். 2024-இல் பிறந்த குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு. ஓய்வூதியம், மருத்துவம், முதியோர் பராமரிப்பு எல்லாம் சேர்ந்த சமூகப் பாதுகாப்புச் செலவு ஆண்டுக்கு 130 லட்சம் கோடி யென்னைத் தாண்டிவிட்டது. அரசின் கடன் நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்தச் சுமைக்கு ஒரு தொடக்க ஆண்டு சொல்லச் சொன்னால் 1973 என்பேன். பொருளாதாரம் பறந்துகொண்டிருந்த காலம். பிரதமர் ககுஎய் தனகா அதை 'நலத்திட்டத்தின் முதல் ஆண்டு' என்று அறிவித்தார். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவம் இலவசம், ஓய்வூதியத்திலும் பெரிய உயர்வு. அந்த ஆண்டின் கடைசியிலேயே எண்ணெய் நெருக்கடி வந்தது. வளர்ச்சி படுத்தது, வாக்குறுதி மட்டும் நின்றது. 1975 முதல் பற்றாக்குறையைக் கடன் பத்திரத்தால் அடைக்கும் பழக்கம் தொடங்கியது. இலவச மருத்துவத்தை 1983-இல் நிறுத்தினார்கள். கடன் பழக்கத்தை மட்டும் நிறுத்த முடியவில்லை.

கடன் பத்திரம் பழக்கமான அந்த எழுபதுகளில்தான் நிதியமைச்சக அதிகாரிகளுக்கு நுகர்வு வரி மேல் கண் விழுந்தது. அவர்கள் கணக்கு தவறில்லை. வருமான வரி வேலைக்குப் போகிறவரிடமிருந்து வருவது, அந்தக் கூட்டம் சுருங்கினால் வரியும் சுருங்கும். ஓய்வு பெற்றவரும் சாப்பிடுகிறார், உடுத்துகிறார், ரயிலில் போகிறார், ஆகவே செலவின் மேல் வரி போட்டால் எல்லா வயதினரும் கட்டுவார்கள். மந்த காலத்திலும் அதன் வசூல் பெரிதாக விழாது. விகிதத்தை ஒரு சதவீதப் புள்ளி ஏற்றினாலே இரண்டரை லட்சம் கோடி யென் அளவுக்கு வரும்.

(வேடிக்கை என்னவென்றால், மதிப்புக்கூட்டு வரிக்கு, நுகர்வு வரியும் அந்த வகைதான், உலகிலேயே முதலில் சட்டம் போட்ட நாடுகளில் ஜப்பானும் ஒன்று. போருக்குப் பின் அமெரிக்காவிலிருந்து வந்த பொருளியலாளர் கார்ல் ஷூப்பின் குழு பரிந்துரைத்து, 1950-இல் சட்டமே நிறைவேறியது. நடைமுறைக்கு வராமலேயே 1954-இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். பிரான்ஸ் தன் வரியைத் தொடங்கியதும் அதே 1954-இல்தான்.)

சரி, அரசியலுக்கு வருவோம். இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

1979-இல் பிரதமர் மசயோஷி ஒஹிரா பொது நுகர்வு வரி கொண்டுவரப் போவதாகச் சொன்னார். தேர்தல் பிரசாரத்தின் நடுவிலேயே கைவிட வேண்டியிருந்தது, அப்படியும் இடங்களை இழந்தார். 1987-இல் யசுஹிரோ நகசோனே வேறு பெயரில் முயன்று தோற்றார். நொபோரு தகேஷிதா ஒருவழியாக 1988 டிசம்பரில் சட்டத்தை நிறைவேற்றினார், 1989 ஏப்ரல் 1 முதல் 3 சதவீதம். சில்லறைக்காக ஒரு கிராம் எடையுள்ள அலுமினிய 1 யென் நாணயத்துக்குத் திடீர்க் கிராக்கி வந்தது. அந்த ஜூலையில் நடந்த மேலவைத் தேர்தலில் ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சி பெரும்பான்மையை இழந்தது. அதில் ரெக்ரூட் என்ற நிறுவனத்தின் லஞ்ச விவகாரத்துக்கும் பங்குண்டு, பழி முழுவதையும் வரி மேல் போட முடியாது. 1994-இல் மொரிஹிரோ ஹோசோகவா நள்ளிரவில் நிருபர்களைக் கூட்டி 7 சதவீத 'மக்கள் நல வரி' என்று அறிவித்தார், உடனேயே திரும்பப் பெற்றார். 1997 ஏப்ரலில் ரியூதாரோ ஹஷிமோதோ 5 சதவீதமாக ஏற்றினார், அடுத்த ஆண்டு மேலவைத் தேர்தலில் தோற்றுப் பதவி விலகினார். 2010-இல் நாவோதோ கான் 10 சதவீதம் என்று வாயைத் திறந்தார், மேலவையில் அடி. 2012-இல் யோஷிஹிகோ நோடா எதிர்க்கட்சிகளோடு உடன்பாடு செய்து 8, பிறகு 10 என்று சட்டம் போட்டார், அந்த டிசம்பர் தேர்தலில் அவர் கட்சி நொறுங்கியது.

ஷின்சோ அபே வேறு பாடம் கற்றிருந்தார். 2014 ஏப்ரலில் 8 சதவீதமாக ஏற்றினார், பொருளாதாரம் சறுக்கியது. அடுத்த கட்ட உயர்வைத் தள்ளிவைக்கிறேன் என்று சொல்லியே அவையைக் கலைத்துத் தேர்தலுக்குப் போய் ஜெயித்தார். 2016-இல் இன்னொரு முறை தள்ளிவைத்தார், மேலவையிலும் வெற்றி. கடைசியில் 2019 அக்டோபரில்தான் 10 சதவீதம் வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு நடந்த தேர்தலிலும் அவர் கூட்டணி பெரும்பான்மையைத் தக்கவைத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றிலிருந்து பத்துக்கு வர முப்பது ஆண்டு.

இப்போது சத்தமில்லாத பக்கம். 2004-இல் ஓய்வூதியச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அந்த நேரத்தில் ரகளை இருந்தது உண்மை. ஆனால் அது முக்கியமாக அரசியல்வாதிகளே தங்கள் சந்தாவைக் கட்டாமல் விட்டிருந்தது வெளிவந்ததால். அமைச்சரவைத் தலைமைச் செயலாளராக இருந்த யசுவோ ஃபுகுதா அதனால் விலகினார், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அதே நாவோதோ கானும் விலகினார். அந்தச் சட்டத்துக்குள் ஒரு சின்ன ஏற்பாடு இருந்தது: ஊழியர் ஓய்வூதியச் சந்தா ஆண்டுக்கு 0.354 புள்ளி வீதம் தானாக ஏறும். 13.58 சதவீதத்தில் தொடங்கி, 2017 செப்டம்பரில் 18.3-இல் வந்து நின்றது. பாதி ஊழியர், பாதி முதலாளி. ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு கிடையாது, பிரசாரம் கிடையாது, நள்ளிரவுப் பேட்டி கிடையாது. சுமார் ஐந்து புள்ளி ஏறியது. நுகர்வு வரியை 5-இலிருந்து 10-க்கு ஏற்ற எத்தனை ஆட்சிகள் பாடுபட்டன என்று பாருங்கள், இங்கே அதே அளவு உயர்வு சம்பளத்தின் மேல் ஓசையின்றி நடந்தது.

தேசிய வருமானத்தோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். 1989-இல் எல்லா வரிகளும் சேர்ந்து தேசிய வருமானத்தில் 27-28 சதவீதம். இன்றும் கிட்டத்தட்ட அதே 28. நுகர்வு வரி மூன்று மடங்குக்கு மேல் ஏறியும் மொத்த வரி விகிதம் நகரவே இல்லை, ஏனென்றால் இன்னொரு பக்கம் குறைத்தார்கள். நிறுவன வரியின் அடிப்படை விகிதம் 1990-இல் 37.5 சதவீதமாக இருந்தது, 2018-இல் 23.2. சமூகக் காப்பீட்டுச் சந்தாவோ அதே காலத்தில் தேசிய வருமானத்தில் 10 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. முதுமையின் செலவில் ஒரு பெரும் பங்கை உழைக்கும் தலைமுறை சந்தா வழியாகக் கட்டியிருக்கிறது, அந்தப் பேச்சே பொதுவெளியில் வெகுநாள் நடக்கவில்லை.

மாதம் 3 லட்சம் யென் வாங்கும், குடும்பம் இல்லாத முப்பது வயது ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்கு 9.15 சதவீதம், அதாவது 27,450 யென். மருத்துவக் காப்பீட்டுக்குச் சுமார் 5 சதவீதம், 15,000 யென். நாற்பதைத் தாண்டினால் முதியோர் பராமரிப்புக் காப்பீடும் சேரும். ஆக 42,000-க்கு மேல். இதன் பக்கத்தில் தேசிய வருமான வரி சில ஆயிரம் யென்தான். உள்ளாட்சிக்குப் போகும் குடியிருப்போர் வரியைக் கூட்டினாலும் சந்தாதான் பெரிது. முதலாளி கட்டும் இன்னொரு பாதியும் கடைசியில் சம்பள உயர்வாக வராமல் போன பணம்தான் என்பது பெரும்பாலான பொருளியலாளர்களின் கருத்து.

அதோடு முடியவில்லை. இந்தச் சந்தாவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஓய்வூதியச் சந்தா மாதம் 6.5 லட்சம் யென் சம்பளம் வரைதான் கணக்கிடப்பட்டு வந்தது. 2025 சீர்திருத்தத்தில் அதை 7.5 லட்சம் வரை படிப்படியாக ஏற்ற முடிவாகியிருக்கிறது. மாதம் 30 லட்சம் வாங்கும் நிர்வாகியும் அந்த வரம்புக்கான தொகையைத்தான் கட்டுகிறார். பங்கு ஈவுத்தொகைக்கு ஓய்வூதியச் சந்தாவே இல்லை. நுகர்வு வரி ஏழையை அதிகம் வாட்டுகிறது என்கிறார்களே, அது உண்மை. ஆனால் அதைவிட மோசமாக வாட்டும் ஒன்று சம்பளச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் மருத்துவம். 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று 2008-இல் தனிக் காப்பீடு வந்தது. மருத்துவமனையில் நோயாளி கொடுக்கும் பங்கு போக மீதிச் செலவில், பாதி அரசுப் பணம், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு முதியவர்களின் சந்தா, மீதி நாற்பது சதவீதம் இளையவர்களின் காப்பீட்டு நிதிகளிலிருந்து போகிறது. தன் மருத்துவத்துக்கென்று நினைத்து ஊழியர் கட்டும் தொகையில் கணிசமானது வேறொருவரின் மருத்துவத்துக்குப் போகிறது. அது தவறு என்று சொல்ல வரவில்லை. அப்படி ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்கு எடுத்துக் கொடுப்பது வரியின் வேலை. அதை வரி என்று சொல்லி எடுத்தால் யாரிடம் எவ்வளவு எடுக்கலாம் என்ற விவாதம் நடக்கும்.

ஆக, நுகர்வு வரியைத் தவிர வேறு வழி இல்லையா என்ற கேள்விக்கு என் பதில்: உண்டு, ஆனால் எல்லாமே முதியவர்களிடம் உள்ள பணத்தைத் தொட வேண்டிய வழிகள். அரசியல்வாதிகள் தயங்குவது அதனால்தான். வாக்குச்சாவடிக்குத் தவறாமல் வருபவர்களும் அவர்கள்தான்.

ஜப்பானியக் குடும்பங்களின் நிதிச் சொத்து 2,000 லட்சம் கோடி யென்னுக்கும் மேல். அதில் ஏறத்தாழ 60 சதவீதம் 60 வயதைத் தாண்டியவர்களிடம் இருக்கிறது. பெரும் பகுதி வங்கி வைப்பாகத் தூங்குகிறது. தொண்ணூறு வயதில் பெற்றோர் இறந்து, அறுபத்தைந்து வயது மகன் வாரிசாகிறார். முதியவரிடமிருந்து முதியவருக்கே சொத்து போகிறது, வீடு வாங்கிப் பிள்ளை வளர்க்கும் வயதில் இருப்பவரை அது எட்டவே இல்லை. 2015-இல் வாரிசுரிமை வரியின் விலக்கு வரம்பை 5 கோடி யென் மற்றும் வாரிசுக்கு 1 கோடி என்பதிலிருந்து, 3 கோடி மற்றும் வாரிசுக்கு 60 லட்சம் என்று வெட்டினார்கள். அதற்கு முன்பு நூறு இறப்பில் நான்கில்தான் வரி கட்ட வேண்டியிருந்தது, பிறகு எட்டுக்கு மேல் ஆனது. அரசியலில் பெரிய புயல் ஒன்றும் அடிக்கவில்லை. இதில் இன்னும் இடம் இருக்கிறது என்பது என் கருத்து.

ஓய்வூதிய வருமானத்துக்கு வரி போடும் விதத்திலும் ஓட்டை இருக்கிறது. சந்தா கட்டும்போது அந்தத் தொகை முழுவதற்கும் வருமான வரிக் கழிவு உண்டு. அதே பணம் ஓய்வூதியமாகத் திரும்பி வரும்போதும் 65 வயதுக்கு மேல் குறைந்தது 11 லட்சம் யென் தனிக் கழிவு, அதற்கு மேல் எல்லோருக்குமான அடிப்படைக் கழிவு. உள்ளே போகும்போதும் வரி இல்லை, வெளியே வரும்போதும் பெரும்பாலும் இல்லை. ஓராண்டில் ஒரே தொகை வாங்கும் இளம் ஊழியரும் ஓய்வூதியரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தால், ஊழியர்தான் அதிகம் கட்டுவார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'முதியவர்கள் எல்லாம் பணக்காரர்கள், பிடித்துக் கட்ட வையுங்கள்' என்று சிலர் கிளம்புகிறார்கள். அது அபத்தம். அரசின் வாழ்வாதார உதவி பெறும் குடும்பங்களில் பாதிக்கு மேல் முதியோர் குடும்பங்கள். கடைசி வரை சிறு கடையோ விவசாயமோ செய்தவருக்குக் கிடைப்பது அடிப்படை ஓய்வூதியம் மட்டும், நாற்பது ஆண்டு முழுதாகக் கட்டியிருந்தாலே மாதம் ஏறத்தாழ 70,000 யென்தான். பெரிய நிறுவனத்தில் ஓய்வு பெற்று வீடும் பங்குகளும் வைத்திருப்பவரும் இவரும் ஒரே வயது என்பதற்காக ஒரே சலுகை என்பதுதான் பிரச்சினை. வயதைப் பார்த்துச் சலுகை கொடுப்பதை விட்டு, கட்டும் சக்தியைப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் 75-ஐத் தாண்டியவர்களில் ஓரளவு வருமானம் உள்ளவர்களின் மருத்துவப் பங்கை 10-இலிருந்து 20 சதவீதமாக்கினார்கள். அது அந்தத் திசைதான். ஆனால் அதிலும் சொத்து பெரும்பாலும் கணக்கில் வராது, வருமானம்தான்.

முதலீட்டு வருமானத்துக்கு வேறு கதை. பங்கு ஆதாயத்துக்கும் ஈவுத்தொகைக்கும் 20.315 சதவீதம், அவ்வளவுதான். சம்பளத்துக்கு உச்ச விகிதம் குடியிருப்போர் வரியோடு சேர்த்து 55. அதனால் ஆண்டு வருமானம் 10 கோடி யென்னைத் தாண்டினால் சராசரி வரிச் சுமை இறங்கத் தொடங்குகிறது. இதை '10 கோடிச் சுவர்' என்பார்கள். ஃபுமியோ கிஷிதா 2021-இல் அதை இடிப்பேன் என்று வந்தார். பங்குச் சந்தை முகம் சுளித்ததும் பின்வாங்கினார்.

சுவர் என்றதும் இன்னொன்று. கணவரின் காப்பீட்டில் சார்ந்திருக்கும் மனைவி ஆண்டுக்கு 13 லட்சம் யென்னுக்குக் குறைவாகச் சம்பாதித்தால் பொதுவாகத் தனக்கென்று சந்தா கட்ட வேண்டாம். அதைத் தாண்டினால் கட்ட வேண்டும், கைக்கு வரும் பணம் குறைந்துவிடும். ஆகவே நவம்பர், டிசம்பர் வந்தால் பகுதி நேர வேலை செய்யும் பெண்கள் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் நாட்டில், வேலை செய்ய விரும்புகிறவரை வீட்டில் இரு என்று சொல்லும் விதி. முதியோர் பெருகும் நாட்டில் வரிச் சீர்திருத்தம் என்றால் பலரும் பணம் திரட்டுவதை மட்டும் நினைக்கிறார்கள். உழைக்க வருபவரைத் தடுக்காமல் இருப்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

நுகர்வு வரியை நான் எதிர்க்கவில்லை. சந்தாவை இறக்கி அந்த இடத்தில் நுகர்வு வரியை வைத்தால், சொத்தை எடுத்துச் செலவழிக்கும் ஓய்வூதியரும் பங்கெடுப்பார். இளையவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஆனால் ஏழைகளைக் காப்பாற்ற ஜப்பான் எடுத்த வழி சரியில்லை. 2019-இல் உணவுக்கு மட்டும் 8 சதவீதம் என்று வைத்தார்கள். வாங்கிக்கொண்டு போனால் 8, கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 10. மிரின் என்ற சமையல் மதுவுக்கு 10, அதே சுவையில் மது இல்லாமல் வரும் பாட்டிலுக்கு 8. வாரம் குறைந்தது இருமுறை வரும் செய்தித்தாளுக்குச் சந்தா கட்டினால் அதற்கும் 8. செய்தித்தாள் எப்படி உணவாயிற்று என்று கேட்காதீர்கள். உணவுக்கு வரியைக் குறைத்தால் யென் கணக்கில் அதிகம் மிச்சம் பிடிப்பவர் விலை உயர்ந்த மாட்டிறைச்சி வாங்குபவர்தான். 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் எதிர்க்கட்சிகள் பலவும் வரிக் குறைப்பைக் கேட்டன. உணவுக்கு வரியே வேண்டாம் என்ற குரலும் அதில் இருந்தது. அதை ஏற்காத ஷிகெரு இஷிபாவின் கூட்டணி பெரும்பான்மையை இழந்தது. விலைவாசி கடித்த ஆண்டில் மக்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் குறைப்பில் பலனில் கணிசமான பங்கு தேவையில்லாதவர்களுக்குப் போகும்.

இதைவிட நல்லது, குறைந்த வருமானக்காரர் கட்டிய வரியில் ஒரு பகுதியைப் பணமாகவே திருப்பித் தருவது. வரியே கட்ட வேண்டியிராதவருக்கும் கைக்குப் பணம் வரும் வகையிலான வரிச் சலுகை. கனடாவில் இது நீண்ட நாளாக நடக்கிறது. ஜப்பானிலும் 2012-இலேயே பேசினார்கள். அதற்கு ஒவ்வொருவரின் வருமானமும் முடிந்தால் சொத்தும் அரசுக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். 2016 முதல் நம்மூர் ஆதார் போன்ற தனிநபர் எண் அமலில் இருந்தும், வங்கிக் கணக்குகளை அதோடு இணைப்பதை மக்களின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறார்கள். அதனால் உணவுக்குக் குறைந்த விகிதம் என்ற சுலபமான வழிக்குப் போனார்கள்.

பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. குழந்தை பிறப்பைக் கூட்ட எடுக்கும் நடவடிக்கைகளுக்குப் பணம் வேண்டும் என்று வந்தபோது வரி என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. 2026 ஏப்ரல் முதல் ஒரு 'ஆதரவு நிதி' மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவோடு சேர்த்துப் பிடிக்கப்படும் என்று சட்டம் போட்டார்கள். முதியவர்களும் இதில் பங்கு கட்டுகிறார்கள், அந்த மட்டில் நல்லது. ஆனால் பெரும் பகுதி வருவது பிள்ளை பெறும் வயதில் இருக்கும் அதே ஊழியரின் சம்பளச் சீட்டிலிருந்துதான்.